தொட்டால் துருப்பிடிக்கும் கை

அரம் பிடித்துப் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: இந்த உலகத்தில் தட்டையான பொருள் என்று எதுவும் கிடையவே கிடையாது. மேசை தட்டை இல்லை. கண்ணாடி தட்டை இல்லை. நீங்கள் பெருமையாகத் துடைத்து வைத்திருக்கும் வீட்டுத் தரை தட்டையே இல்லை. பிளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, அடிப்படை இயந்திரவியல் என்ற பெயரில் இரண்டு வருடம் இரும்பைத் தேய்த்து, உள்ளங்கையில் கொப்புளமும் மூக்குக்குள் கறுப்பும் சேர்த்துக்கொண்ட என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பாவிட்டால் போகட்டும்.

என் வீடு ராயபுரம், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்து. நான் படித்தது திருவொற்றியூரில் ஓர் அரசுப் பள்ளி. தினமும் ராயபுரம் ஸ்டேஷனில் எண்ணூர் போகிற வண்டியைப் பிடித்து, கதவோரம் நின்று, கடல் காற்றையும் லாரித் தூசியையும் சரிபாதியாகத் தின்றுகொண்டு போவேன். அந்தக் காற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் அதற்கும் வேலை இருக்கிறது.

மிச்சமிருந்த குரூப்

நானும் அம்மாவும் அக்கவுண்ட்ஸ் குரூப் கேட்டுத்தான் போனோம். இடம் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டோம். மார்க் இல்லை. மெக்கானிக்கல் இருக்கிறது, சேர்கிறாயா என்று கேட்டார்கள். நான் தலையாட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. ஜன்னல் வழியாகப் பட்டறை தெரிந்தது. பெரிய லேத் மெஷின் ஒன்று பச்சைப் பெயின்ட்டில், யானை படுத்திருப்பதுபோல் கிடந்தது. அதிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அம்மாவாலும் முடியவில்லை, வேறு காரணத்தால். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். பெண் பிள்ளையின் கை என்றால் அது ஊசி பிடிக்கும், பேனா பிடிக்கும், அவ்வளவுதான் அவள் கணக்கு. வண்டியில் திரும்பி வரும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டாள். பிளஸ் டூ ப்ராக்டிகலில் நல்ல மார்க் வாங்கினால் பாலிடெக்னிக், அதுவும் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாமாம், சேர்ந்துகொள். வாங்காவிட்டால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பெரியம்மா மகள் நிற்கிற துணிக்கடையில் எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறது. காலை முதல் ராத்திரி வரை நின்றுகொண்டே புடவை மடிக்கும் வேலை. கொருக்குப்பேட்டை வந்ததும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மாம் பெரிய ஸ்கூல்ல மிச்சம் மீதியிலயும் இரும்புதான் கெட்ச்சுதாடி உனுக்கு?"

சதுரம்

முதல் மூன்று மாதம் லேத் பக்கமே விடவில்லை. ஆளுக்கொரு இரும்புத் துண்டு, ஓர் அரம். வைஸ் என்கிற இரும்புத் தாடையில் துண்டை இறுக்கி, நின்று, தேய்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் தட்டையாக, எல்லா மூலையும் செங்கோணமாக வரவேண்டும். இவ்வளவுதானா என்று நினைத்தேன். சப்பாத்திக் கட்டையை உருட்டுவதுபோல ஜாலியாகத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

எங்கள் ஆசிரியர் தனசேகர் சார் அதை வாங்கி, எல் வடிவ மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் வந்தது. நடுவில் மட்டும் இருட்டு. அதாவது நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம். கண்ணுக்கும் கைக்கும் தட்டையாக இருந்த இரும்பு, வெளிச்சத்தின் முன்னால் பரங்கிமலையாகிவிட்டது. தலைமுடிகூட நுழையாத சந்தில் சூரியன் நுழைந்து வருகிறது. அன்று முழுக்க நான் தேய்க்கவே இல்லை. பட்டறையில் இருந்த ஒவ்வொரு பொருளின்மேலும் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்குக் காட்டிக் காட்டிப் பார்த்தேன். மர ஸ்கேல், டஸ்டர், டிபன் பாக்ஸ் மூடி, எல்லாவற்றிலும் வெளிச்சம் வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் எந்த உலகத்தில் இருந்தோம் என்று பயமாகக்கூட இருந்தது.

பக்கத்து வைஸில் நின்ற பர்வீன் என் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் வகுப்பில் என்னைத் தவிர இருந்த ஒரே பெண் அவள்தான். எனக்கு ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "இத்தப் போய் சதுரம்னு சொல்லிகினு கீறியே ஷீலா, இது குளிச்சு முட்ச்ச சோப்பு."

சிவப்புக் கைரேகை

தீபாவளி நெருங்கும்போது எனக்குச் சதுரம் வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதுதான் தகராறு. வெளிச்சம் காட்டுகிற மேட்டை என் விரலும் காட்டத் தொடங்கியது. தேய்ப்பேன், நடுவிரல் நுனியால் ஒரு தடவு தடவுவேன், எங்கே மேடு என்று தெரிந்துவிடும். அங்கே மட்டும் தேய்ப்பேன். எனக்கே நம்ப முடியவில்லை. விரல் நுனியில் இவ்வளவு பெரிய வேலைக்காரன் குடியிருக்கிறான் என்று யாரும் சொன்னதில்லையே.

ஆனால் தேய்த்த பரப்பை விரலால் தொடவே கூடாது என்பது பட்டறைச் சட்டம். தோலில் இருக்கும் பிசுக்கு பட்டால் அரம் கடிக்காது, வழுக்கும். என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முடித்து வைத்த துண்டைத் திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால், அதன்மேல் என் விரல் ரேகை செக்கச் செவேலென்று துருவாகப் பதிந்திருந்தது. சுழி, வளைவு, ஒரு பழைய வெட்டுத் தழும்பு, ஒன்று விடாமல். பர்வீன் கையும் அதே காற்றில்தான் இருந்தது. அவள் தொட்ட இரும்பு மாதக்கணக்கில் வெள்ளிபோல் கிடக்கும். நான் தொட்டால் மறுநாளே சிவக்கும். சிலருடைய வியர்வையில் உப்பு அதிகம், கடலோரக் காற்றும் சேர்ந்துகொண்டால் இப்படித்தான் ஆகும் என்று சார் விளக்கினார்.

விளக்கிவிட்டு விடவில்லை. அந்தத் துண்டை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்து, கீழே சாக்பீஸால் 'இப்படிச் செய்யாதே' என்று எழுதினார். அதன் பிறகு நான் சிவக்க வைத்த ஒவ்வொன்றும் அங்கே போனது. வருடம் முடிவதற்குள் ஒரு தட்டு முழுக்க என் கைரேகை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார். நானும் தொடாமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன். கையுறை போட்டுப் பார்த்தேன், துணி சுற்றிப் பார்த்தேன். விரலை மூடினால் எனக்குக் கண்ணைக் கட்டின மாதிரி இருந்தது. சார் ஒருநாள் வெறுத்துப்போய்ச் சொன்னார்: "உன் ஒடம்புல ரத்தத்துக்குப் பதிலா காசிமேட்டுக் கடல்தான் ஓடுது, போம்மா."

எலுமிச்சம்பழம்

என் அப்பா அந்தோணி எண்ணூர் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். கூரைக்கடியில் தண்டவாளம்மேல் ஓடுமே, அந்தக் கிரேன். ஆயுதபூஜை அன்று குடும்பத்தை உள்ளே விடுவார்கள். நாங்கள் மாதா கோயில்காரர்கள்தான், ஆனால் ஆயுதபூஜையை எங்கள் வீட்டில் விட்டதே கிடையாது. கிரேனுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவது அப்பாதான். அந்தப் பொரி, கடலையை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் அம்மா எங்களுக்குத் தருவாள்.

பிளஸ் டூ படிக்கும்போது நானும் போனேன். பூஜை முடிந்ததும் அப்பாவின் தோஸ்துகள் கூடி ஒரு வேடிக்கை கேட்டார்கள். தரையில் ஓர் இரும்புக் கட்டை. அதன்மேல் பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழம். மேலே கொக்கியில் எங்கள் வீட்டைவிடப் பெரிய ஓர் இரும்பு அச்சு. அப்பா உயரத்தில் தன் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை இறக்கினார். அங்கிருந்து அவருக்குப் பழம் ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். இறங்குகிறது, இறங்குகிறது. பழத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. நின்றது. ஒருவர் குனிந்து பழத்தைச் சுண்டுவிரலால் தள்ளினார், நகரவில்லை. அச்சு மேலே போனதும் எடுத்துப் பார்த்தோம். தோலில் ஒரு கீறல் இல்லை. நான் அழுதுவிட்டேன். வீட்டில் லுங்கியோடு டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கும் மனிதர் இவர்தானா என்று இருந்தது.

கீழே இறங்கி வந்தவரிடம் எப்படிப்பா தெரிந்தது என்று கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கண்ல இன்னா தெரியும், பழத்தத் தொட்டதும் கம்பிக் கவுறு கொஞ்சம் லூசாச்சு, அது என் கைக்குத் தெரிஞ்சுது, நின்னுட்டேன்."

ஒட்டிய இரும்பு

பிளஸ் டூவில் தொழிற்சாலைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். மணலி பக்கம் ஒரு சின்ன கம்பெனி. பர்வீனுக்கு லேத். எனக்கு ஏசி அறை. அது அளவு பார்க்கிற அறை. அங்கே ஒரு மேடம், பெயர் கௌரி, மரப்பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே அளவு சரிபார்க்கிற சின்னச் சின்ன எஃகுக் கட்டிகள், சாக்லெட் மாதிரி வரிசையாக. இரண்டை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்து லேசாகத் திருகினார். ஒட்டிக்கொண்டன. ஒன்றை மட்டும் பிடித்துத் தூக்கினார், இன்னொன்று கூடவே வந்தது. பசை இல்லை, காந்தம் இல்லை. இரண்டும் அவ்வளவு தட்டை, அதனால் ஒட்டுகின்றன, அவ்வளவுதான் காரணம்.

கோயிலில் ஃபாதர் நற்கருணை அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது ஓர் அமைதி வருமே, எனக்கு அங்கே அது வந்தது. தட்டையான பொருளே உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு, அதற்கு மிக மிகப் பக்கத்தில் போன இரண்டு பொருள் கண் முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். மேடம் பட்டென்று பெட்டியை மூடி, என் விரல்களைப் பார்த்து, மேசையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்துக் கொடுத்தார். சார் முன்பே போன் செய்து எச்சரித்திருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. எப்போதாவது ஒட்டாமல் போகுமா மேடம் என்று கேட்டேன். "போகும். அப்போ ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுன்னு எடுத்து வெச்சிடுவோம்."

அண்ணாச்சி கடை

ப்ராக்டிகலுக்கு ஒரு வாரம் முன்னால், பொடிப் பல் உள்ள நைஸ் அரம் ஒன்று வாங்கப் போனேன். பள்ளி அரத்தில் பல்லே இல்லை, தடவினால் கன்னம் மாதிரி இருக்கும். வண்ணாரப்பேட்டையில் ஓர் இரும்புக் கடை. அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். அரம் என்றதும், "அருவாமணை தீட்டவா தாயி?" என்று முக்கோண அரத்தை எடுத்துப் போட்டார். இல்லை, தட்டை அரம், நைஸ் என்றேன். நாலைந்தை எடுத்துப் போட்டார். நான் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் நிறுத்தி, தெரு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வளைந்த அரத்தால் நேராகத் தேய்க்க முடியாதே. மூன்றாவது சரியாக இருந்தது. கடைக்குள் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அண்ணாச்சியும் அவர்களை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார். அரத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது சொன்னார்: "வாறவன் பூரா வெலயத்தான் கேப்பான், வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தவ நீ ஒருத்திதாம்மா."

உள்ளே தொட்டவள்

ப்ராக்டிகல் வந்தது. இரண்டு தகடு கொடுப்பார்கள். ஒன்றின் ஓரத்தில் சதுரமாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். இன்னொன்றில் அதே அளவுக்குச் சதுரமாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாக்கு பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். ஆட்டினால் ஆடக் கூடாது, வெளிச்சத்துக்குக் காட்டினால் கசியக் கூடாது. இதில் தேய்த்துக் குறைக்கலாமே தவிர, குறைத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஒரு தேய்ப்பு அதிகமானால் எம்.சி. ரோடு.

வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். அதிகம் பேசாதவர். அவர் பாதி நேரம் பக்கத்து அறையில் லேத் செய்கிறவர்களோடு இருந்தார். நான் எப்போதும்போலத்தான் செய்தேன். தேய்த்தேன், பள்ளத்துக்குள் விரலை விட்டுச் சுவரைத் தடவினேன், மேட்டில் மட்டும் தேய்த்தேன். கடைசியில் நாக்கை வைத்து அழுத்தியபோது ஒரு சின்னக் காற்றுச் சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தது. ஜன்னலுக்குக் காட்டினேன். இருட்டு. மூன்று பக்கமும் இருட்டு. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நான் செய்த ஒன்றில் சூரியன் நுழையவில்லை.

தேர்வாளரும் ஜன்னலுக்குக் காட்டினார். திரும்பவும் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார், என் வளையலைப் பார்த்தார், தனசேகர் சாரைப் பார்த்தார். இது இங்கே செய்ததல்ல, வெளிப் பட்டறையில் மெஷினில் போட்டு வாங்கி வந்தது என்றார். வேறோர் ஊரில் அப்படி ஒருத்தரைப் பிடித்திருக்கிறாராம். தகட்டில் பள்ளி முத்திரை இருக்கிறதே என்றார் சார். முத்திரை குத்துகிற அச்சு எந்தப் பட்டறையிலும் கிடைக்கும் என்றார் அவர். இவள் இங்கே செய்ததை நான் பார்த்தேன் என்றாள் பர்வீன். தோழி சொன்னால் சாட்சி ஆகுமா? நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்று இரண்டு தகட்டையும் தனித்தனியாகப் பிரித்து ஒரு தட்டில் வைத்தார். துருப்பிடிக்கும் சார், எண்ணெய் தடவிவிடுகிறேன் என்று தனசேகர் சார் கெஞ்சினார். தேர்வாளரோ யாரும் தொடக் கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டி, காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டாள்.

காலையில் பீரோவைத் திறந்தார்கள். என் தகடு இரண்டும் சிவந்து கிடந்தன. மேலே, கீழே, ஓரத்தில், எங்கும் என் விரல். மார்க் போச்சு என்று சார் தலையில் கை வைத்துக்கொண்டார். தேர்வாளர் மட்டும் பள்ளம் வெட்டிய தகட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பள்ளத்துக்குள் பார்த்தார். உள் சுவர் மூன்றிலும் வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்பு ரேகை, ஒன்றின்மேல் ஒன்று. இது யாருடைய விரல் என்றார். சாருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஓடிப்போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து, 'இப்படிச் செய்யாதே' தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். என் இரண்டு வருட அவமானம் முழுவதும் அதில் இருந்தது. தேர்வாளர் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே சுழி, அதே வெட்டுத் தழும்பு. கடைசியில் நாக்கைப் பள்ளத்தில் வைத்து அழுத்தி, ஜன்னலுக்குத் தூக்கினார். துரு ஏறியும் இருட்டாகவே இருந்தது.

அவர் மார்க் பட்டியலை இழுத்து வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "வாங்கிட்டு வந்தவளா இருந்தா வெளியிலதான் தொட்டிருப்பா, உள்ள விரலை விட்டு இத்தனை தடவை தடவுனவ இதைச் செஞ்சவதான், பொருத்தத்துக்கு முழு மார்க் போடறேன், துருவுக்குக் குறைக்கிறேன்."

கையுறை

பாலிடெக்னிக் முடித்து, இப்போது நானும் ஓர் ஏசி அறையில் வெள்ளைக் கையுறையோடு மற்றவர்கள் செய்ததை அளந்துகொண்டிருக்கிறேன். அந்த இரண்டு தகடும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. தேர்வு முடிந்து நாளானதும் சாரே கொண்டுவந்து கொடுத்தார். எண்ணெய் தடவித் துருவை எடுக்கப் போனேன், அம்மா விடவில்லை. பிடுங்கி, மாதா படத்துக்குக் கீழே, ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவ்வப்போது எடுத்துப் பள்ளத்துக்குள் தன் விரலை விட்டுப் பார்ப்பாள். "அயிக்காத, அத்த அப்டியே வுடு," என்றாள், "எம் பொண்ணு கை உள்ள கீது."

தொடாதே தொடாதே என்று இரண்டு வருடம் திட்டு வாங்கிய கை, தொட்டதால்தான் பாஸானது என்பதைத் தவிர, அந்தப் படிப்பில் எல்லாமே விதிப்படிதான் நடந்தது.